நேர்த்தி முடிந்தது, அம்மா

என்னைப் பெற்று, என் தலையை மழித்து, ஊருக்கு ஒரு கதை சொல்லி என்னை ஆளாக்கிவிட்ட என் அம்மாவுக்கு,

உங்கள் மகன் முருகேசு பேசுகிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பக்கத்து வீட்டுக் கமலா ரீச்சர் எழுதுகிறா. நான் சொல்லச் சொல்ல, என் கதையைக் கொஞ்சம் தலைவாரிவிட்டு எழுதுகிறா. பத்திரிகைக்கு அனுப்பட்டோ என்று கேட்டா. அனுப்புங்கோ என்றேன். ஊருக்குத் தெரியாமல் பொத்தி வைக்க இனி நம்மிடம் ஒன்றுமில்லை. அது எப்படி இல்லாமற் போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் சுகம் சொல்கிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை. உங்கள் மருமகள் பூரணத்துக்கு முழங்கால்தான் வலி, வாய் நல்ல சுகமாக இருக்கிறது. வீட்டு வாசலில் திருகோணமலை மான்கள் இப்போதும் வந்து குப்பை வாளியைத் தட்டிவிட்டு, நாங்கள்தான் குற்றவாளிகள் என்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

அம்மா, என் தலையில் இப்போது மயிர் இருக்கிறது.

கோபிக்க வேண்டாம். முழுவதையும் கேட்டுவிட்டு, பிறகு சொல்லுங்கள்.

வாசிக்கிறவர்களுக்காக நமக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. என் நினைவில் முதன்முதலாக இருப்பது உங்கள் முழங்கால். அதில் என் முகத்தை அழுத்திப் பிடித்திருக்கிறீர்கள். பின்கழுத்தில் தேங்காய் எண்ணெய் வழிகிறது. சவரக்கத்தி குளிர்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் இது நடந்தது. வேலிக்கு அப்பால் நின்று யாராவது, “ஏன் இந்தப் பிள்ளையை இப்பிடிப் படுத்துறாய்?” என்று கேட்டால், நீங்கள் கத்தியை நிறுத்தாமலே பதில் சொல்வீர்கள்.

“பிறந்த உடனை மூச்சு விடேல்லை. காளியம்மாளுக்கு நேர்ந்தனான். உயிரோடை தந்தால் சாகும்வரைக்கும் மொட்டை எண்டு.”

அதற்கு மேல் யார் கேட்பார்கள்? என் நிறத்தையும் ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. கடலில் வெயில் குடித்து வேலை செய்கிற துறைமுகத்தில் கறுப்பு ஒரு செய்தியா? மூக்கும் வாயும் உங்களுடையவை. காட்டிக்கொடுத்திருக்கக்கூடியது தலைமயிர் ஒன்றுதான். அதைத்தான் நீங்கள் வளரவே விடவில்லை.

நீங்கள் சொன்ன கதை என்னைவிடப் பெரிதாக வளர்ந்ததை நீங்களும் பார்த்தீர்கள். நேர்த்திக்கடன் பிள்ளை என்று ஊர் என்னை ‘நேர்த்தியார்’ என்றது. பார்ஜ் படகில் நின்று கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றுகிறபோது கயிறு அறுந்து, பெட்டி என் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. “அம்மாளின்ர பிள்ளையடா, அவனுக்கு ஒண்டும் நடவாது” என்று கூட வேலை செய்தவர்கள் கும்பிட்டார்கள். காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வாசலுக்கு வந்தார்கள். திருநீறு பூசிவிட்டேன். சில பிள்ளைகளுக்குச் சுகமும் வந்தது. ஆஸ்பத்திரி மருந்தும் குடித்திருப்பார்கள், அதை யாரும் சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணம் பேசி முடித்த பிறகு, என்னை இறங்குதுறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனீர்கள். அங்கே வைத்துச் சொன்னது ஒரு சொல்லும் மறக்கவில்லை.

“உன்ர அப்பர் நான் ஊருக்குச் சொன்ன மட்டக்களப்புக் கந்தையா இல்லையடா. அப்பிடி ஒரு ஆளே இல்லை. வெள்ளைக்காரன்ர சண்டைக்கு ஆப்பிரிக்காவிலை இருந்து பட்டாளம் வந்தது. அதிலை வந்தவர். யோனா எண்டு பேர். காலமை என்னட்டை இடியப்பம் வாங்க வருவார்.”

“பிறகு?”

“பிறகென்ன, நீதான் பிறகு.” சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, “அவர் ஏமாத்தேல்லை. கப்பல் ஏத்திக்கொண்டு போட்டுது. நீ வயித்திலை இருக்கிறது அவருக்குத் தெரியாது. கட்டப்போற பொம்பிளைக்குச் சொல்லிப்போடாதை” என்றீர்கள்.

நான் சொல்லவில்லை. உங்கள் கை நடுங்கத் தொடங்கியபோது கத்தியை நானே எடுத்துக்கொண்டேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகும் வெள்ளிக்கிழமைகள் நிற்கவில்லை. சலூன் கதிரையில் ஒருநாளும் நான் இருந்ததில்லை.

உங்கள் பேத்தி இந்திராவை நீங்கள் காணவில்லை. நாட்டு நிலைமை சரியில்லாத காலத்தில் கனடாவுக்குப் போனவள், அங்கேயே வேலை எடுத்து, அங்கேயே ஒருவரை விரும்பிக் கட்டினாள். அன்ரனி. அவரும் அந்த நாட்டுக்கு வந்தேறியவர்தான். ஊர் ஜமேக்கா. அந்தக் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாக ஏற்றிக்கொண்டு போன சனத்தின் பரம்பரை. படத்தைப் பார்த்துவிட்டுப் பூரணம், “ஆரெண்டாலும் என்ர பிள்ளையைச் சிரிக்க வைச்சால் போதும்” என்றாள். உங்களிடமிருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டு போன கடல், வேறொரு கரையால் சுற்றிக்கொண்டு வந்து எனக்கு ஒரு மருமகனைத் தந்திருக்கிறது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, நைலா. பூரணம் ரெலிபோனில் நாள் தவறாமல் கதைத்துக் கதைத்தே அவளுக்குத் தமிழ் ஊட்டிவிட்டாள். திருகோணமலையை விட்டு வெளியே போகாதவள்போல் கதைப்பாள். அவள் பெரிய பிள்ளையாகிச் சில மாதமாகிவிட்டது. பள்ளிக்கூட விடுமுறை வந்ததும் சாமத்தியச் சடங்கை இங்கே வைத்துச் செய்வோம் என்று தாயும் தகப்பனும் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

பின்னேரம் அவளும் நானும் கடற்கரைக்குப் போவோம். ஓட்டோக்காரப் பெடியள் அவளைக் கண்டால் இங்கிலீசில் கூப்பிடுவார்கள். அவள், “அண்ணை, நாங்கள் நடந்தே போறம்” என்பாள். அவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஒருநாள் அப்படிச் சிரித்துக்கொண்டு வந்தவள், மணலில் குந்தியதும் சிரிப்பை விட்டுவிட்டாள்.

“அங்கை தமிழ் ஆக்களின்ர கல்யாண வீட்டுக்குப் போனால், எனக்குப் பக்கத்திலை நிண்டே ‘கறுவலின்ர பிள்ளை’ எண்டு கதைப்பினம், அம்மப்பா. எனக்குத் தமிழ் விளங்காது எண்டு நினைப்பு. பள்ளிக்கூடத்திலை கறுப்புப் பிள்ளையள் ‘நீ எங்கட ஆள் இல்லை, நீ இந்தியன்’ எண்டு சொல்லுவினம். டடியின்ர பக்கத்து ஆச்சி என்னைக் கூலி எண்டு கூப்பிடுவா.”

“கூலியோ?”

“கோவத்திலை இல்லை, அன்பாத்தான். ஜமேக்காவுக்குத் தோட்ட வேலைக்குப் போன எங்கட ஆக்களுக்கு அங்கை அதுதான் பேராம்.”

“நானும் துறைமுகத்துக் கூலிதானே பிள்ளை. அதிலை என்ன?”

சிரித்தாள். பிறகு, “வீட்டை மட்டும்தான் நான் நைலா. வெளியிலை வந்தால் ஆரோ ஒரு ஆள்” என்றாள். அம்மா, பதில் என் வாய் வரை வந்தது. உங்கள் சொல்லை நினைத்து விழுங்கிக்கொண்டேன். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

சடங்கு நாள் வந்தது. முற்றத்தில் பந்தல், குசினியில் புகை, கூடத்தில் சனம். சோடிக்க வந்த சுதா, ஒரு பெட்டி நிறையச் சாமானோடு வந்து, நைலாவை அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் இருத்தினாள். உங்கள் பேத்தியின் மகளுக்குத் தலைமயிர் சின்னச் சின்னச் சுருளாக, அடர்த்தியாக, மேல்நோக்கி நிற்கிறது. பார்க்க அவ்வளவு வடிவு. சுதாவுக்கோ அதை நீட்டி, பின்னி, சடைநாக நகை வைக்க வேண்டும். சூடு வைத்து இழுத்தாள். எண்ணெய் பூசி இழுத்தாள். இழுத்த இழுப்பில் சீப்பின் பல்லுத்தான் போனது.

“அக்கா, இது ஏலாது” என்றாள் இந்திராவிடம். “இது எங்கட ஆக்களின்ர மயிர் இல்லை. ஒட்ட வெட்டிப்போட்டு டோப்பா வைச்சால் போட்டோவிலை தெரியாது.”

பூரணத்தின் தங்கை தவமணி பக்கத்தில் நின்றாள். நல்லவள், ஆனால் வாய் முன்னுக்குப் போய்விடும். “பின்னை என்ன செய்யிறது? தகப்பன்ர வழி. காப்பிலிச் சுருட்டைத் தலை. முகம் எங்கட முகம், அந்த மட்டிலை தப்பிச்சுது” என்றாள். ஒரு சொல்லும் நைலாவுக்கு விளங்காமல் போகவில்லை. தகப்பனோ தமிழ் விளங்காமல், எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் பூரணம் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நேரம் நான் கிணற்றடியில், கப்புத் தூணில் மாட்டிய கண்ணாடியைப் பார்த்துத் தலை மழித்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் முடிந்து, வலப்பக்கத்துக்குச் சவர்க்காரம் போடப் போகிறேன், நைலா வந்து வாளிக்குப் பக்கத்தில் குந்தினாள். கண் சிவந்திருந்தது.

“அம்மப்பா, எனக்கும் அடிச்சு விடுங்கோ.”

“என்னத்தை?”

“மொட்டை. என்ர தலை தகப்பன்ர வழியாம், அங்கை கதைக்கினம். கேக்கிற ஆக்களுக்கு நேர்த்தி எண்டு சொல்லுவம். உங்களை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லைத்தானே.”

அம்மா, இந்த யோசனையை அவளுக்கு நீங்களும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை, பூமிக்கு மற்றப் பக்கத்தில் பிறந்தவள், உங்கள் வாயில் வந்த அதே வழியைத் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டு என் முன்னால் தலையைக் குனிகிறாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்கள் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நான் கத்தியை மடித்துக் கிணற்றுக் கட்டில் வைத்தேன். மழிக்காத வலப்பக்கத்தை அவளுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். ஒரு கிழமை வளர்ச்சி. வெள்ளை மிளகு கொட்டினதுபோல் இருந்திருக்கும்.

“தொட்டுப் பார்.”

விரலால் தடவினாள். மறுபடி தடவினாள். “அம்மப்பா, இது டடியின்ர மாதிரி!”

“டடியின்ர மாதிரி இல்லை. என்ர அப்பர்ர மாதிரி” என்றேன். உங்களையும் யோனாவையும் இடியப்பத்தையும் கப்பலையும் அங்கேயே, சவர்க்கார நுரையோடு, அவளுக்குச் சொல்லி முடித்தேன். அவள் அழவில்லை. “அம்மம்மாவுக்குத் தெரியுமோ?” என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். “அப்ப வாங்கோ” என்று என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

பாதித் தலை மொட்டை, பாதித் தலை மயிர். அந்தக் கோலத்தில் சனத்துக்கு நடுவே போய் நின்றேன்.

“தகப்பன்ர வழி எண்டு சொன்னது ஆர்?” என்று கேட்டேன். தவமணி, இந்திராவைப் பார்த்தாள். “அவர்ர வழியும்தான். ஆனால் முதல் வழி நான். என்னைப் பெத்தவர் ஆப்பிரிக்காக்காரன். பேர் யோனா.”

“அத்தான், நல்ல நாளும் அதுவுமா என்ன பகிடி இது?” என்றாள் தவமணி. “அப்ப நேர்த்தி?”

“அது என்ர அம்மாவின்ர கெட்டித்தனம்.”

“ஐயோ, என்ர மூத்தவனுக்கு நீங்கள்தானே திருநீறு பூசினது! இப்ப எஞ்சினியரா இருக்கிறான்!”

“பூசினதாலை ஒரு பிழையும் வரேல்லைத்தானே, விடன்” என்றது ஒரு குரல். பூரணம். குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள். நான் அவள் முகத்தைப் பயந்து பயந்து பார்த்தேன். இவ்வளவு காலம் ஒரு பாயில் படுத்தவளுக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறேன். அவளோ அகப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, “என்னைப் பாக்கிறியள் என்ன? எனக்கு எப்பவோ தெரியும்” என்றாள்.

“ஆர் சொன்னது?”

“தலையணை உறை தோய்க்கிறது ஆர், நீங்களோ? உதிருற மயிர் ஒவ்வொண்டும் சுருண்டு சுருண்டு கிடக்கும். மாமி ஒளிக்கிறா, நீங்களும் ஒளிக்கிறியள். ஏதோ காரணம் இருக்கும் எண்டு நானும் உதறிப்போட்டுத் தோய்ச்சனான்.”

அம்மா, பொம்பிளைக்குச் சொல்லாதை என்றீர்களே. சொல்லாமலே அவள் உங்கள் இரகசியத்தை உங்களைவிடக் கவனமாகக் காத்திருக்கிறாள்.

இந்திரா கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று, எல்லாவற்றையும் இங்கிலீசில் அன்ரனிக்குச் சொன்னாள். அவர் தேத்தண்ணீரை வைத்தார். அந்தப் பட்டாளக்காரரின் பெயரை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். “யோனா” என்று தானும் சொல்லிப் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, பெரிய உள்ளங்கையை என் வலப்பக்கத் தலையில் வைத்தார். அந்தத் தலையை அதுவரை ஒரு ஆம்பிளை தொட்டதில்லை. என் அப்பரின் கை இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தேன்.

கையை எடுத்தவர், கழுவிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். மகளைத் தன் காலடியில் இருத்தி, சீப்பின் காம்பால் வகிடு பிரிக்கத் தொடங்கினார். தலையோடு ஒட்டின மெல்லிய பின்னல், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, வயல் வரம்பு மாதிரி. அவருடைய தாய் பழக்கியதாம்.

“தகப்பன் பெரிய பிள்ளைக்குத் தலை பின்னுறதோ? எங்கை கண்டது?” என்றாள் தவமணி.

“இப்ப காணுறாய்” என்றாள் பூரணம்.

சுதா முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு கிட்ட வந்தாள். கடைசியில், “அண்ணா, அந்தப் பின்னலை ஒருக்கால் ஆறுதலா, மெல்ல மெல்லப் போட்டுக் காட்டுங்கோ” என்று போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். சடைநாகம் அந்தப் பின்னலில் அசையாமல் உட்கார்ந்தது. பூரணம் மல்லிகைச் சரம் வைத்தாள். தவமணி தானாக முன்னுக்கு வந்து ஆலாத்தித் தட்டைத் தூக்கினாள். தூக்கும்போது, “வடிவாத்தான் இருக்கிறாள்” என்றாள். அவளிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது. நைலா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

நானோ அன்றைக்கு மொட்டையோடுதான் படத்தில் நிற்கிறேன். “பாதித் தலையோடை சபைக்கு வராதேங்கோ, மற்றதையும் எடுத்துப்போட்டு வாங்கோ” என்று பூரணம் கிணற்றடிக்குக் கலைத்துவிட்டாள். அதுதான் கடைசி. அவர்கள் கனடாவுக்குத் திரும்பிய பிறகு கத்தியைத் தொடவில்லை.

இப்போது முழுதாக வெள்ளை. பஞ்சுபோல் நிற்கிறது. கிண்ணியாவிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர் கண்டுவிட்டு, “என்ன நேர்த்தியார், தலையில பஞ்சு வெடிச்சிரிக்கி?” என்றார். கதையைச் சொன்னேன். தராசில் மீனை வைத்தார். “எங்கட மூத்தாப்பா, வாப்பாட வாப்பா, மலாய்க்காரர். ஆரும் கேக்கயும் இல்ல, நாங்க சொல்லவும் இல்ல. எடுங்க, சூரை நல்ல மீன்” என்றார். எல்லோரும் அப்படியில்லை. ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு எங்களுக்குச் சொல்லாமல் விட்டார்கள். கோயிலில் ஒருவர், அம்மாளை ஏமாற்றின குடும்பம் என்றாராம். ஆனாலும் காய்ச்சல் பிள்ளைகள் இன்னமும் வருகின்றன. நேர்த்தி இல்லையே என்றால், “பரவாயில்லை, பூசி விடுங்கோ” என்கிறார்கள். பூசிவிடுகிறேன்.

நைலா போனில் என் தலையைப் பார்க்கக் கேட்பாள். பூரணம் போனை உச்சியில் பிடித்துக் காட்டுவாள். போன கிழமை அவள் சொன்னாள்: “இப்ப ஆராவது கேட்டால் நான் சொல்லுறனான், அம்மப்பா. என்ர தலைமயிர் ரெண்டு பக்கத்தாலையும் வந்தது எண்டு.” கல்யாண வீட்டில் பக்கத்தில் நின்று கதைக்கிறவர்களுக்கும் தமிழிலேயே அதைச் சொன்னாளாம். அவர்கள் ஐஸ்கிரீம் எடுக்கப் போய்விட்டார்களாம்.

உங்களிடம் கேட்க ஒன்று மிச்சமிருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைகளில் என் தலையை மழித்தது வெட்கத்திலா, ஊருக்குப் பயந்தா? அதுதான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இப்போது கண்ணாடியில் இந்தத் தலையைப் பார்க்கிறபோது வேறொன்று தோன்றுகிறது. வளரவிட்டால் அந்த மனுசன் உங்கள் முன்னாலேயே நடமாடுவார் என்றா? அதைப் பார்த்துக்கொண்டு உங்களால் இருக்க முடியாது என்றா? நீங்கள் சொல்லாமல் போனதில் அதுவும் ஒன்றா?

ஆடி அமாவாசை வருகிறது. தகப்பன் இல்லாதவர்கள் கடலில் இறங்கித் தீர்த்தம் ஆடுகிற நாள். வருசா வருசம் கரையில் இருக்கிற ஐயர், தகப்பன் பேர் என்ன என்று கேட்பார். நீங்கள் சொல்லித்தந்தபடி, பிறக்காத கந்தையாவுக்கு நானும் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டு வந்தேன். இந்த முறை யோனா என்று சொல்வேன். கோத்திரம் கேட்டால் தெரியாது என்பேன். தெரியாதவர்களுக்கு ஐயர் தானே சிவகோத்திரம் என்று சொல்லிவிடுவார். உங்கள் மனுசனுக்கும் அது போதும். அவரை ஏற்றிக்கொண்டு போன அதே தண்ணீரில் நின்று, தலையை முழுதாக நனைத்து, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அம்மா. தாய்க்கு விரதம் பிடிக்கிற உங்கள் சித்திரைப் பௌர்ணமிக்கும் இனி இரண்டு பேரையும் சேர்த்தே சொல்வேன். இது என் வாக்கு.

கைநாட்டு வைத்து, இப்படிக்கு,
உங்களுக்கும் யோனாவுக்கும் பிறந்த ஒரே மகன்,
முருகேசு.